ஆறு பேர், ஒரு மேசை: 1940 மே மாதத்தின் மூன்று நாட்களை மேடையேற்றுவது

முடிவு தெரிந்த கதை இது. 1940 மே 26, 27, 28 ஆகிய மூன்று நாட்களில் பிரிட்டனின் போர் அமைச்சரவை ஒன்பது முறை கூடியது. முசோலினி வழியாக ஹிட்லரிடம் நிபந்தனை கேட்டுப் பார்ப்பதா, வேண்டாமா என்று உள்ளுக்குள் அடித்துக்கொண்டது. கடைசியில் வேண்டாம் என்று முடித்தது. டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்து உட்காருகிறவருக்கு இதெல்லாம் முன்பே தெரியும். ஆகவே 'அடுத்து என்ன ஆகுமோ' என்ற பதைப்பை நம்பி இந்த நாடகத்தை எழுத முடியாது.

வேறொன்றை நம்பலாம். இடைவேளைக்கு எழுந்து போகும் பார்வையாளர் மனசில் ஒரு சங்கடம் இருக்க வேண்டும்: கேட்டுப் பார்க்கலாம் என்று வெளியுறவு அமைச்சர் ஹாலிஃபாக்ஸ் சொல்வதுதானே நியாயமாகப் படுகிறது? அந்தச் சங்கடம் வந்துவிட்டால் நாடகம் பிழைத்தது. வராவிட்டால், சுருட்டோடு ஒருவர் முழங்க மற்ற ஐந்து பேர் தலையாட்டும் ஆண்டுவிழா நாடகமாகப் போய்விடும். இந்த மூன்று நாட்களை எழுத உட்காருகிற பலரும் தடுக்கி விழுவது இங்கேதான். ஹாலிஃபாக்ஸைக் கோழையாக எழுதிவிடுகிறார்கள்.

அன்றைய நிலவரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மே 10 அன்று ஜெர்மனி ஹாலந்துக்குள்ளும் பெல்ஜியத்துக்குள்ளும் நுழைந்தது. அன்று மாலைதான் சர்ச்சில் பிரதமரானார். 26ஆம் தேதி அவர் பதவிக்கு வந்து 16 நாள்தான். பிரெஞ்சுத் துறைமுகங்களில் பூலோன் 25ஆம் தேதி விழுந்தது, கலே 26ஆம் தேதி. பிரிட்டிஷ் படை பிரான்ஸின் கடற்கரை ஊரான டன்கர்க் பக்கம் ஒதுங்கிக்கொண்டிருந்தது. 25ஆம் தேதி வெளியுறவு அமைச்சர் ஹாலிஃபாக்ஸ், இத்தாலியத் தூதர் பஸ்தியானினியைச் சந்தித்துப் பேசினார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை பிரெஞ்சுப் பிரதமர் ரெனோ லண்டனுக்கு வந்தார். இத்தாலி அப்போது இன்னும் போரில் இறங்கவில்லை. ஜூன் 10 அன்றுதான் இறங்கியது.

கணக்கு 3-2 இல்லை

போர் அமைச்சரவையில் ஐந்து பேர். கன்சர்வேடிவ் கட்சியிலிருந்து சர்ச்சில், அவருக்கு முந்தைய பிரதமர் சேம்பர்லின், ஹாலிஃபாக்ஸ். லேபர் கட்சியிலிருந்து அட்லி, கிரீன்வுட். லேபர்காரர்கள் இருவரும் சண்டையைத் தொடர வேண்டும் என்ற பக்கம். சர்ச்சிலோடு சேர்த்தால் மூன்று. பெரும்பான்மை முதல் நாளே கையில் இருக்கிறது. அப்படியானால் நாடகம் எங்கே இருக்கிறது?

இதற்குப் பதில் தெரியாமல் எழுதினால் கையைத் தூக்கி வாக்களிக்கும் காட்சி வந்து நிற்கும். அப்படி எதுவும் நடக்கவில்லை. பிரிட்டிஷ் அமைச்சரவை வாக்கெடுத்து முடிவு செய்யும் பழக்கமுள்ள இடமும் இல்லை. சர்ச்சிலின் பயம் எண்ணிக்கையைப் பற்றியது அல்லவே அல்ல. கன்சர்வேடிவ் கட்சியின் தலைவர் அப்போதும் சேம்பர்லின்தான். மே 13 அன்று சர்ச்சில் பிரதமராக முதன்முறை காமன்ஸ் சபைக்குள் (நாடாளுமன்றத்தின் கீழவை) வந்தபோது, அந்தக் கட்சி வரிசைகளிலிருந்து பெரிய ஆரவாரம் எழுந்தது சேம்பர்லினுக்குத்தான். ஹாலிஃபாக்ஸ் ராஜினாமா கடிதம் கொடுத்து, சேம்பர்லினும் கூடவே எழுந்து போனால் அரசு நிற்காது. படை கடற்கரையில் சிக்கியிருக்கும்போது அரசு கவிழ்ந்தால் அடுத்து என்ன?

ஆக, கூர்முனையில் உட்கார்ந்திருப்பவர் சேம்பர்லின். 26ஆம் தேதி அவர் ஹாலிஃபாக்ஸுக்குக் கிட்டே இருக்கிறார். 28ஆம் தேதி மாலைக்குள் சர்ச்சில் பக்கம் வந்துவிடுகிறார். இந்த நகர்வுதான் நாடகத்தின் முதுகெலும்பு. பிரதியை எழுதி முடித்ததும் சேம்பர்லின் வசனங்களை மட்டும் தனியே எடுத்து வரிசையாக வாசித்துப் பாருங்கள். அவர் மனம் எந்த வரியில் திரும்புகிறது என்று விரல் வைத்துக் காட்ட முடியவில்லை என்றால் பிரதி இன்னும் முடியவில்லை. ஒரே வரியில் திரும்பினாலும் தப்புதான். மூன்று சிறு அசைவுகளாகத் திரும்ப வேண்டும், மூன்றாவது அசைவில் அவர் பேசவே கூடாது.

ஆறாவது ஆள் ஒருவர் உண்டு: ஆர்ச்சிபால்ட் சின்கிளேர். லிபரல் கட்சித் தலைவர், விமானப்படை அமைச்சர். போர் அமைச்சரவையின் உறுப்பினர் அல்ல. சர்ச்சில்தான் அவரை இந்த விவாதத்துக்குள் அழைத்து வந்து உட்கார வைத்தார். முதல் உலகப் போரில், 1916இல், பதுங்குகுழியில் சர்ச்சிலுக்கு அடுத்த நிலை அதிகாரியாக இருந்தவர். நடிகர் பற்றாக்குறை என்று இவரை வெட்டுபவர்கள் உண்டு. வெட்டாதீர்கள். அவர் உள்ளே வந்து நாற்காலியை இழுத்துப் போடும் அந்த ஓசையிலேயே சர்ச்சிலின் அரசியல் சாமர்த்தியம் முழுவதும் தெரிந்துவிடும். ஹாலிஃபாக்ஸ் அந்த நாற்காலியை ஒரு கணம் பார்த்தால் போதும், வசனமே தேவையில்லை.

கூட்டக் குறிப்பிலிருந்து வசனத்துக்கு

இந்தக் கூட்டங்களின் குறிப்புகள் 30 ஆண்டு ரகசியக் காலம் முடிந்து 1971இல் வெளியாயின. அதற்கு முன்பு, 1949இல் வெளிவந்த தன் போர் நினைவுக் குறிப்புகளில், 'தனித்து நின்று போரிடுவதா' என்ற கேள்வி அமைச்சரவையின் நிகழ்ச்சிநிரலில் இடம்பெறவே இல்லை என்று சர்ச்சில் எழுதியிருந்தார். நிகழ்ச்சிநிரலில் இல்லை என்பது உண்மையாக இருக்கலாம். பேசியது அதைத்தான்.

குறிப்புகளை வைத்து எழுதுகிறவருக்கு இரண்டு தகவல்கள் தங்கம். ஒன்று, 26ஆம் தேதி பிற்பகல் பேச்சின் முதல் கால்மணி நேரத்துக்குக் குறிப்பே கிடையாது; செயலர் அப்போது அறையில் இல்லை என்று குறிப்பே சொல்கிறது. அந்த 15 நிமிடம் நாடக ஆசிரியருக்கு வரலாறு கொடுத்த சலுகை. மற்றொன்று, 27ஆம் தேதி ஹாலிஃபாக்ஸ் ராஜினாமா மிரட்டல் விட்டதும் சர்ச்சில் அவரைத் தோட்டத்துக்கு அழைத்துப் போய்ப் பேசியது. அதற்கும் செயலர் குறிப்பு இல்லை. சர்ச்சில் மன்னிப்பும் பிரியமுமாக இருந்தார் என்று ஹாலிஃபாக்ஸின் நாட்குறிப்பில் வருகிறது, அவ்வளவுதான். இந்த இரண்டு இடங்களில் துணிந்து கற்பனை செய்யுங்கள். மற்ற இடங்களில் குறிப்பை ஒட்டியே போங்கள். அதிலேயே போதுமான வெடிமருந்து இருக்கிறது.

சிக்கல் என்னவென்றால், குறிப்பு முழுவதும் அயற்கூற்றில் இருக்கும். 28ஆம் தேதி ஹாலிஃபாக்ஸ் சொன்னதன் சாரம் இது: பிரான்ஸ் போரிலிருந்து விலகுவதற்கும் நம் விமானத் தொழிற்சாலைகள் குண்டுவீச்சுக்கு உள்ளாவதற்கும் முன்பே கேட்டால், மூன்று மாதம் கழித்துக் கிடைப்பதைவிட நல்ல நிபந்தனை கிடைக்கக்கூடும் என்பதைப் புறக்கணிக்கக் கூடாது. இதை அப்படியே நடிகர் வாயில் போட்டால் வானொலிச் செய்தி. நேர்க்கூற்றாக உடைக்க வேண்டும்:

"பிரான்ஸ் இன்னும் நிக்குது. நம்ம தொழிற்சாலை ஒண்ணு மேலயும் இன்னும் குண்டு விழல. பேசணும்னா கையில ஏதாவது இருக்கும்போதுதான் பேசணும், பிரதமர். மூணு மாசம் கழிச்சு என்ன இருக்கும்னு நீங்களே சொல்லுங்க."

'கையில சரக்கு இருக்கும்போது' என்றுதான் முதலில் பேனா போகும். எழுதிவிடாதீர்கள். எதிரே சர்ச்சில் கையில் விஸ்கி கிளாஸ் இருக்கும், அரங்கம் சிரித்துவிடும். மூன்று நாள் பதற்றத்தின் உச்சம் அந்த ஒரு சொல்லில் போய்விடும்.

சர்ச்சிலின் பதில்: நல்ல நிபந்தனை கிடைக்கும் வாய்ப்பு இன்று ஆயிரத்துக்கு ஒன்று. "ஆயிரத்துல ஒண்ணு, எட்வர்ட்." இதற்கு மேல் நீட்ட வேண்டாம். 27ஆம் தேதி குறிப்பில், பிரான்ஸோடு சேர்ந்து வழுக்குச் சரிவில் இழுபடக் கூடாது என்று அவர் சொன்னதாக வருகிறது. அந்த உருவகத்தைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் விளையாட்டுத் திடல் நினைவுக்கு வருகிறது. "ஒரு படி இறங்கிட்டா அப்புறம் நிக்க இடமே இல்ல" என்றால் பொருளும் வரும், பேச்சாகவும் இருக்கும்.

விளிக்கும் முறையையும் முதலிலேயே தீர்மானித்துவிடுங்கள். அமைச்சரவைக் கூட்டத்தில் அவர்கள் ஒருவரையொருவர் பதவிப் பெயரால்தான் அழைப்பார்கள். 'பிரதமர் அவர்களே' என்று எழுதினால் பொதுக்கூட்ட மேடை வந்துவிடும். 'அவர்களே'யை அடியோடு எடுத்துவிட்டு, 'பிரதமர்' என்று மட்டும் சொல்லி, வினையில் 'ங்க' வைத்தால் மரியாதை தானாக நிற்கும். செயலருக்கும் இளம் உதவியாளருக்கும் 'ஐயா' சரி. யாரும் யாரையும் 'நீ' போடக் கூடாது, கோபத்திலும்கூட. 'எட்வர்ட்' என்ற ஹாலிஃபாக்ஸின் இயற்பெயரை மேலே காட்டிய இடத்துக்கும் தோட்டக் காட்சிக்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அறைக்குள் 'வெளியுறவு அமைச்சர்', தோட்டத்தில் 'எட்வர்ட்', மறுநாள் அறைக்குள்ளேயே 'எட்வர்ட்'. இந்த ஏணி காதில் விழுந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

தமிழ்ப் பார்வையாளருக்கு மட்டும் உறைக்கிற ஒரு விஷயமும் இதில் உண்டு. இந்த ஹாலிஃபாக்ஸ்தான் நம் பாடப்புத்தகத்து இர்வின் பிரபு. 1931 மார்ச் 5 காந்தி–இர்வின் ஒப்பந்தத்தின் இர்வின். அதற்குச் சில நாட்கள் முன்பு, பிப்ரவரியில், அரசப் பிரதிநிதியின் மாளிகைப் படிகளில் 'அரை நிர்வாண பக்கிரி' ஏறிப் போய்ச் சரிசமமாகப் பேசுகிறாரே என்று பொருமியவர் சர்ச்சில். எதிரியோடு உட்கார்ந்து பேசலாம் என்கிற ஒருவர், பேசவே கூடாது என்கிற ஒருவர். ஒன்பது ஆண்டுக்குப் பிறகு அதே இருவர், அதே வாதம். ஆனால் எதிரே இருப்பவர் வேறு. பிரதியில் இதற்கு ஒரே ஒரு வரி ஒதுக்கலாம். கிரீன்வுட் வாயில் போட்டால் எடுபடும். இரண்டாவது வரி எழுதினால் அது இந்தியாவைப் பற்றிய நாடகமாகிவிடும்.

சர்ச்சிலையும் கற்சிலையாக எழுத வேண்டியதில்லை. ஜெர்மனியின் பழைய காலனிகளைத் திருப்பித் தருவது, மத்திய ஐரோப்பாவில் அதன் மேலாதிக்கத்தை ஏற்பது என்ற அளவில் ஹிட்லர் சமாதானம் பேசத் தயாராக இருந்தால் அது வேறு விஷயம், ஆனால் அப்படிக் கேட்பார் என்று தோன்றவில்லை என்று 27ஆம் தேதி குறிப்பில் அவர் பேசியதாகவே இருக்கிறது. சிலர் இதைப் படித்து அதிர்ந்து, பிரதியிலிருந்து நீக்கிவிடுகிறார்கள். அந்த வரி இருந்தால்தான் ஹாலிஃபாக்ஸ் அதைப் பிடித்துக்கொண்டு, "அப்போ கொள்கையில நமக்குள்ள வித்தியாசமே இல்லையே?" என்று கேட்க முடியும். நாடகத்தின் சிறந்த திருப்பம் அது. சர்ச்சில் அங்கே சிக்கிக்கொள்ளட்டும்.

யாருக்கு எப்போது என்ன தெரியும்

ஒத்திகை அறையின் சுவரில் ஒரு அட்டவணை ஒட்டுங்கள். முதல் பத்தியில் நாளும் நேரமும், இரண்டாவதில் அந்த நேரத்தில் அறைக்குள் தெரிந்திருந்த செய்தி, மூன்றாவதில் அது யார் வழியாக வந்தது. நடிகர்கள் முடிவு தெரிந்த முகத்தோடு நடிப்பதை இந்த ஒரு தாள் தடுக்கும்.

எடுத்துக்காட்டுக்கு டன்கர்க். மீட்பு நடவடிக்கைக்கான ஆணை 26ஆம் தேதி மாலை 6.57க்குப் போனது. தொடக்கத்தில் அவர்கள் எதிர்பார்த்தது ஏறத்தாழ 45,000 பேரைத்தான். 27ஆம் தேதி கரை சேர்ந்தவர்கள் 7,669. 28ஆம் தேதி 17,804. அதாவது முடிவெடுத்த இரவு வரைக்கும் மொத்தம் 25,473. ஜூன் 4 அன்று எண்ணி முடித்த 3,38,226 என்ற எண் இந்த அறைக்குள் யார் கனவிலும் இல்லை. படை போய்விட்டது என்று கொண்டே ஆறு பேரும் பேசினார்கள். சர்ச்சிலாக நடிப்பவர் மனசில் 3,38,226 இருந்தால் குரலில் நம்பிக்கை தானாக வந்துவிடும். 7,669 இருந்தால் பிடிவாதம் மட்டும்தான் வரும். வேண்டியது பிடிவாதம்.

பெல்ஜியம் இன்னொன்று. மன்னர் லியோபோல்ட் போர்நிறுத்தம் கேட்ட செய்தி 27ஆம் தேதி மாலைக்குப் பிறகுதான் லண்டனுக்கு வருகிறது. இரவு 10 மணிக் கூட்டத்தில் அது மேசைக்கு வருகிறது. அதே நாள் பிற்பகல் 4.30 காட்சியில் யாராவது பெல்ஜியத்தைக் கைகழுவிப் பேசினால் பிரதி பிழை.

வசனத்தில் நழுவிவரும் காலப்பிழைகளும் இதே ரகம். கடற்கரைகளில் போரிடுவோம் என்ற உரை ஜூன் 4. மிகச் சிறந்த நேரம் என்ற உரை ஜூன் 18. இந்த மூன்று நாட்களுக்குள் சர்ச்சிலின் பையில் இருக்கும் பிரபலமான உரை மே 13இல் பேசியது: ரத்தம், உழைப்பு, கண்ணீர், வியர்வை. இரு விரலைத் தூக்கிக் காட்டும் வெற்றிச் சைகை 1941ஐச் சேர்ந்தது. லண்டன் மீதான தொடர் குண்டுவீச்சு 1940 செப்டம்பர் 7இல் தொடங்கியது, ஆகவே பின்னணியில் சைரனும் குண்டும் ஒலிக்கவிட்டால் அது வேறு நாடகம். இந்த நாட்களின் பயங்கரமே லண்டன் அமைதியாக இருந்ததுதான். நிலத்தடி அறைகளில் வைத்துக் காட்சி அமைப்பதும் பெரிய மயக்கம். இக்கூட்டங்கள் டவுனிங் தெரு 10ஆம் எண் வீட்டிலும், அட்மிரால்டி மாளிகையிலும், 28ஆம் தேதி பிற்பகல் காமன்ஸ் சபையில் பிரதமரின் அறையிலும் நடந்தன. எல்லாம் ஜன்னல் உள்ள அறைகள்.

மேசை

உட்கார்ந்து பேசும் நாடகத்தில் மேசைதான் முதல் நடிகர். இன்று படங்களில் தெரியும் படகு வடிவ அமைச்சரவை மேசை பிற்காலத்தில் மாக்மில்லன் கொண்டுவந்தது. 1940இல் நேர்கோட்டு மேசைதான். பிரதமர் நீள வாட்டின் நடுவில், கணப்புக்கு முதுகு காட்டி, ஜன்னல்களைப் பார்த்து உட்காருவார். கைப்பிடி உள்ள நாற்காலி அவருக்கு மட்டும்.

இது மேடைக்கு வரப்பிரசாதம். கணப்பைப் பின்சுவரின் நடுவில் வையுங்கள். ஜன்னல்கள் பார்வையாளர் பக்கம் என்று கொள்ளுங்கள். சர்ச்சில் தானாக அரங்கைப் பார்த்து உட்காருவார். 8 மீட்டர் அகல மேடைக்கு 3 மீட்டர் நீளம், 1.1 மீட்டர் அகலம், 75 சென்டிமீட்டர் உயரம் போதும். அதைவிட நீளமாகச் செய்தால் விங்ஸுக்கு, அதாவது மேடையின் பக்கவாட்டு மறைவுக்கு, போய்வரும் வழி அடைபடும். எல்லோரையும் ஒரே பக்கம் உட்கார வைத்தால் ஏசுவின் கடைசி விருந்து ஓவியம் மாதிரி ஆகிவிடும். சுற்றி உட்கார வைத்தால் மூன்று முதுகுகள் தெரியும். நடுவழி: மேசையை 12 முதல் 15 பாகை திருப்புங்கள். வலப்பக்க முனையில் ஹாலிஃபாக்ஸ், இடப்பக்க முனையில் சேம்பர்லின், அவர் முனை பார்வையாளருக்குக் கிட்டே வரும்படி. சர்ச்சிலுக்கு அருகில் அட்லியும் கிரீன்வுட்டும். முன்பக்கம் காலி, ஓரத்தில் செயலர் பிரிட்ஜஸுக்கு ஒரு சின்ன மேசை. சின்கிளேர் நாற்காலி போடுவது அந்தக் காலி இடத்தில், பாதி முதுகு தெரியும்படி.

இந்த அமைப்பில் சர்ச்சில் ஹாலிஃபாக்ஸோடு பேச ஒரு பக்கம் திரும்ப வேண்டும், சேம்பர்லின் முகத்தைப் பார்க்க மறுபக்கம். இரண்டையும் ஒருசேரப் பார்க்க முடியாது. அந்தத் தலைத் திருப்பலே அவர் நிலைமை.

இடம் மாறுவதைக் காட்ட முழு அரங்கையும் மாற்ற வேண்டாம். கைப்பிடி நாற்காலியை எடுத்துவிட்டுச் சாதாரண நாற்காலி வைத்து, மேசை விரிப்பை உருவினால் காமன்ஸ் அறை ஆகிவிடும். 40 விநாடிக்குள் முடிய வேண்டும், நடிகர்களே செய்யலாம்.

எழுந்து நிற்பதற்குப் பஞ்சம் வையுங்கள். முதல் பாதியில் மொத்தம் நான்கு முறைக்கு மேல் யாரும் எழக் கூடாது. இயக்குநருக்குக் கை அரிக்கும். நடக்க வைக்கத் தோன்றும். பொறுத்துக்கொண்டால், 27ஆம் தேதி ஹாலிஃபாக்ஸ் எழுந்து நிற்கும்போது 6 அடி 5 அங்குல ஆளின் நிழல் மேசை முழுவதும் விழும். நடிகர் அவ்வளவு உயரம் இல்லையென்றால் காலணிக்குள் 4 சென்டிமீட்டர், நாற்காலியில் 5 சென்டிமீட்டர் மெத்தை. மற்றவர்கள் நாற்காலிக் காலை 2 சென்டிமீட்டர் அறுத்துவிடலாம்.

ஹாலிஃபாக்ஸுக்குப் பிறவியிலேயே இடது கை வளர்ச்சியில்லை, உள்ளங்கை கிடையாது. நடிகர் முதல் ஒத்திகையிலிருந்தே எல்லாவற்றையும் வலது கையால் செய்து பழக வேண்டும்: தாள் புரட்டுவது, தேநீர்க் கோப்பை, மூக்குக் கண்ணாடி. கடைசி வாரத்தில் கையுறை மாட்டிவிட்டால் போதும் என்று விட்டால், உணர்ச்சிவசப்படும் காட்சியில் இடது கை தானாக எழுந்து வந்து நிற்கும். சேம்பர்லினுக்கு எதிர்மாறான எச்சரிக்கை: அவர் அந்த நவம்பர் 9 அன்று புற்றுநோயால் இறந்தார் என்று படித்துவிட்டு, நடிகர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்காருவார். மே மாதத்தில் அவருக்கு அது தெரியாது. நிமிர்ந்து உட்காரச் சொல்லுங்கள். குடையையும் பிடுங்கிவிடுங்கள், 1938இல் ஹிட்லரோடு அவர் செய்த மியூனிக் ஒப்பந்தத்தின் நினைவில் அரங்கம் சிரித்தால் முதுகெலும்பு உடைந்தது.

சர்ச்சிலுக்கு மிமிக்ரி கலைஞர் வேண்டாம். உறுமலும் முன்தள்ளிய உதடும் பத்து நிமிடம் தாங்கும், அதற்குப் பிறகு வாதம் காதில் விழாது. குரலைக் கீழே வைத்து, 28ஆம் தேதி வரை மிச்சம் பிடிக்கச் சொல்லுங்கள். ஒத்திகையில் ஒரு சோதனை உண்டு: சர்ச்சில் வசனம் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு மற்ற ஐந்து பேரை மட்டும் ஓட்டிப் பாருங்கள். ஹாலிஃபாக்ஸ் ஜெயிக்க வேண்டும். ஜெயிக்கவில்லை என்றால் அவர் வசனத்தைத் திருத்துங்கள்.

சாமான்கள், ஒலி, ஒளி

சுருட்டு பெரும்பாலும் அணைந்தே இருக்கட்டும். சர்ச்சிலும் பற்றவைத்ததைவிட மென்றதுதான் அதிகம். ஒரே நீளச் சுருட்டு மூன்று நாளும் இருந்தால் கண்ணுக்குத் தெரிந்துவிடும், ஆகவே மூன்று நீளத்தில் வெட்டி, காட்சி வாரியாக ப்ராப்ஸ் மேசையில் எண் போட்டு வையுங்கள். விஸ்கி மிக இளநிறம், அவர் நிறையச் சோடா சேர்ப்பவர். கறுப்புத் தேநீரை நீர்த்துத் தரும் வழக்கம் உண்டு, அதன் துவர்ப்பு தொண்டையை வறளச் செய்யும். கருக்கிய சர்க்கரை இரண்டு சொட்டு ஒரு கிளாஸ் தண்ணீரில் விட்டால் நிறமும் சரி, தொண்டைக்கும் நல்லது. அட்லிக்குப் புகைக் குழாய். அவர் குறைவாகப் பேசுபவர். புகையிலை அடைப்பதும் தட்டுவதும்தான் அவர் வசனம்.

தாள்கள் ஏ4 அளவில் இருக்கக் கூடாது. அன்று புழங்கியது அதைவிட நீளமான ஃபூல்ஸ்கேப். படைத் தலைவர்களின் மே 25 தேதியிட்ட மதிப்பீடு மேசையில் இருக்கும் முக்கியத் தாள். பிரான்ஸ் விழுந்தால் தனித்துத் தாக்குப்பிடிக்க முடியுமா என்பதே அதன் கேள்வி. வான்படையும் அமெரிக்க உதவியும்தான் அதன் பதிலின் இரு கால்கள். அதை வெறுந்தாளாக வைக்காமல் உண்மையாகவே தட்டச்சு செய்து கொடுங்கள். வசனம் மறந்த நடிகருக்கு அது உயிர்காப்பான்.

மேசைக்கு அடர்பச்சை விரிப்பு போடுவது அழகுக்கு மட்டுமில்லை. வெறும் மரத்தில் தாள் சரசரப்பும் குழாய் தட்டும் ஓசையும் மேசையில் பதித்த மைக்கில் இடியாகக் கேட்கும். விரிப்புக்கு அடியில் அரை சென்டிமீட்டர் ஃபோம், மைக்கை மேசையில் வைக்காமல் மேடை முன்விளிம்பில். சர்ச்சில் மேசையைக் குத்தும் இடத்தில் ஒலிக் கலவையாளர் 6 டெசிபல் இறக்கிப் பிடிக்க வேண்டும், அதை க்யூ தாளில் (எந்த இடத்தில் எந்த ஒலி, ஒளி மாற்றம் என்ற பட்டியல்) எழுதிவையுங்கள்.

தொலைபேசி மணியிலும் தவறு நடக்கும். பிரிட்டிஷ் மணி இரட்டையாக ஒலிக்கும்: 0.4 விநாடி மணி, 0.2 இடைவெளி, மறுபடி 0.4, பிறகு 2 விநாடி மௌனம். இணையத்தில் கிடைக்கும் ஒற்றை நீள மணி பெரும்பாலும் அமெரிக்காவுடையது.

ஒளிக்கு வருவோம். ஜன்னல் பார்வையாளர் பக்கம் என்று வைத்ததால் பகல் வெளிச்சம் முன்னாலிருந்து, சற்றுக் குளிர்ந்த நிறத்தில் வர வேண்டும். மே கடைசியில் லண்டனில் சூரியன் மறைய இரவு 9 மணி ஆகும். ஆகவே 27ஆம் தேதி 10 மணிக் கூட்டம் ஒன்றுதான் இருட்டில். அந்தக் காட்சியின் தொடக்கத்தில் உதவியாளர் கோல்வில் மேடை முன்விளிம்புக்கு வந்து, இல்லாத கனத்த திரைகளை இழுத்து மூடுவதாக நடிக்கட்டும். அவர் கை நகரும் வேகத்துக்கே முன் விளக்குகள் 3 விநாடியில் அணையட்டும். மேசை விளக்குகள் மட்டும் மிஞ்சும். பார்வையாளர்கள் இருட்டில் அடைக்கப்பட்டது போல உணர்வார்கள். மேசை விளக்கில் கண்குழி கறுத்துத் தெரியும். எதிரே விரித்த வெள்ளைத் தாள் ஒளியை முகத்துக்குத் திருப்பும், ஆகவே யார் பேசப் போகிறாரோ அவர் முன்னால் தாள் விரிந்திருக்க வேண்டும். பெல்ஜியச் செய்தியைக் கேட்கும் சேம்பர்லின் மட்டும் தன் தாளைக் கவிழ்த்து வைக்கட்டும். அவர் முகம் இருளுக்குள் போய்விடும்.

28ஆம் தேதி மாலை

4 மணிக்குக் கூடி வாதாடி, ஏறத்தாழ 6 மணிக்கு இடைவேளை. அந்த இடைவேளையில் சர்ச்சில் போர் அமைச்சரவைக்கு வெளியே உள்ள 25 பேர் அளவிலான அமைச்சர்களைச் சந்திக்கிறார். நாம் ஒவ்வொருவரும் தன் ரத்தத்திலேயே மூச்சுத் திணறித் தரையில் கிடக்கும்போதுதான் இந்தத் தீவின் நெடுங்கதை முடியட்டும் என்று அவர் பேசியதாக அங்கே இருந்த அமைச்சர்களில் ஒருவரான ஹியூ டால்டனின் நாட்குறிப்பில் இருக்கிறது. அமைச்சர்கள் எழுந்து வந்து அவரைச் சூழ்ந்துகொள்கிறார்கள். 7 மணிக்குத் திரும்பி வந்து இதைச் சொல்கிறார். ஹாலிஃபாக்ஸ் அதற்குமேல் வாதாடவில்லை.

25 பேரை மேடையில் நிறுத்த முடியாது. சர்ச்சிலை முன்விளிம்புக்குக் கொண்டுவந்து, பார்வையாளர்களையே அமைச்சர்களாக்கிப் பேசவைப்பது எளிய வழி. கைதட்டல் நிச்சயம். ஆனால் கைதட்டலோடு நாடகம் முடிந்துவிடும். 7 மணிக் காட்சி உப்புச்சப்பில்லாமல் போகும். நான் சிபாரிசு செய்வது வேறு: சர்ச்சில் கதவுக்கு அப்பால் போகட்டும், நாம் அறையிலேயே இருப்போம், ஹாலிஃபாக்ஸோடும் சேம்பர்லினோடும். அந்த இருவரும் அந்த நேரத்தில் ஒரே அறையில் காத்திருந்தார்கள் என்பது நாடக உரிமை, வரலாறு இல்லை. பக்கத்து அறைப் பேச்சு சொல் புரியாத முழக்கமாக மட்டும் கேட்கட்டும்: விங்ஸுக்குள் மூடிய கதவுக்குப் பின்னால் நடிகரே உண்மையாகப் பேச வேண்டும், பதிவு வேண்டாம், பதிவு செத்துக் கேட்கும். பிறகு ஒரு மௌனம். ஐந்து விநாடி. அடுத்து 25 பேரின் ஆரவாரம். இதற்கு மட்டும் பதிவு போடலாம். ஹாலிஃபாக்ஸ் சேம்பர்லினைப் பார்க்கிறார். சேம்பர்லின், கவிழ்த்து வைத்த தன் தாளை நிமிர்த்தி, ஹாலிஃபாக்ஸ் பக்கமிருந்து கதவுப் பக்கம் நாற்காலியைத் திருப்புகிறார். நான் முன்பு சொன்ன மூன்றாவது அசைவு இதுதான். 7 மணிக்குச் சர்ச்சில் உள்ளே வரும்போது செய்தி ஏற்கெனவே வந்துவிட்டிருக்கும். அவர் சாதாரணக் குரலில் சொன்னால் போதும்.

கடைசியில் திரையில் 3,38,226 என்று எழுத்துப் போடும் ஆசை வரும். எண் போட்டே ஆக வேண்டும் என்றால் 25,473 போடுங்கள். ரெனோவுக்குப் போக வேண்டிய மறுப்புத் தந்தியைச் சர்ச்சில் சொல்லச் சொல்லச் செயலர் எழுதுகிறார். ஒவ்வொருவராக எழுந்து போகிறார்கள். ஹாலிஃபாக்ஸ் கடைசிக்கு முந்தியவர். பிரிட்ஜஸ் மட்டும் மிச்சம். தாள்களை அடுக்குகிறார், பேனா மூடியைத் திருகுகிறார், அந்தத் திருகலின்போது விளக்கு இறங்கத் தொடங்கி 12 விநாடியில் அணைய வேண்டும். 8 விநாடி வைத்தால் கைதட்டல் முந்திக்கொள்ளும், 15 வைத்தால் யாராவது இருமிவிடுவார்கள்.